வானில் கொளுத்தும் குப்பை

செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை பூமிக்கு மேலே 200 முதல் 2,000 கிலோமீட்டர் வரையுள்ள தாழ் சுற்றுப்பாதையில்தான் இயங்குகின்றன. அவற்றோடு சேர்ந்து, ஆயுள் முடிந்து செயலிழந்த கோள்களும், எரிபொருள் தீர்ந்த ராக்கெட் அடுக்குகளும், வெடித்தும் மோதியும் சிதறிய துண்டுகளும் சுற்றுகின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீட்டின்படி, எல்லாச் சுற்றுப்பாதைகளிலுமாக ஒரு சென்டிமீட்டரைவிடப் பெரிய துண்டுகள் 12 லட்சத்துக்கும் மேல். ரேடாரும் தொலைநோக்கியும் கொண்டு தொடர்ந்து கண்காணிக்கப்படுபவை ஏறக்குறைய 40,000 மட்டுமே. மற்றவை எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாழ் சுற்றுப்பாதையில் ஒரு பொருள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு பொருட்கள் குறுக்கே சந்தித்தால் மோதும் வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் அலுமினியத் துண்டு போதும், பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள கோளை முடக்கிவிட.

விண்குப்பை பற்றிய பேச்சு இந்த மோதல் ஆபத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது, போகிற வழியில் காற்றுமண்டலத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி சில ஆண்டுகளாகத்தான் எழுந்திருக்கிறது. தமிழ்நாடு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் சிப்காட் ஏரோஸ்பேஸ் பூங்கா அமைந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மாநில அமைச்சரவை 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்து, ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்தது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வளர்ந்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அடுத்த தலைமுறைப் பொருட்களில் ராக்கெட்டின் பாகமும் செயற்கைக்கோளின் பாகமும் இருக்கப் போகின்றன.

செயற்கைக்கோள் இல்லாமல் இந்த வட்டாரமும் ஒரு நாள் ஓடாது. ஆலையிலிருந்து எண்ணூருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போகும் வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கண்காணிக்கும் கருவி வழிகாட்டு செயற்கைக்கோள்களை நம்பியிருக்கிறது. வங்கக் கடலில் உருவாகும் புயலை இன்சாட் வரிசைக் கோள்கள் முன்கூட்டியே காட்டுகின்றன. வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை. ஆயுள் முடிந்த கோளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

சிதறல்களின் கணக்கு

குப்பையின் கணிசமான பகுதி ஒரு சில நிகழ்வுகளில் பிறந்தது. 2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைக்கோளான ஃபெங்யுன்-1சி-யை ஏவுகணையால் தகர்த்தபோது, கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டாயின. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே 789 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம்-33, செத்துப்போன ரஷ்யக் கோள் காஸ்மாஸ்-2251 இரண்டும் மோதிச் சிதறின. இரண்டு முழுக் கோள்கள் தற்செயலாக மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. 2021 நவம்பரில் ரஷ்யாவும் தன் கோள் ஒன்றைச் சுட்டுடைத்தது. ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலை உண்டாக்கி, அது இன்னொன்றை உண்டாக்கி, சுற்றுப்பாதையே பயனற்றுப்போகும் சாத்தியத்தை நாசா விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

இந்தியாவின் பங்கு சிறியது, ஆனால் அதுவும் கணக்கில் உண்டு. 2001 அக்டோபரில் டிஇஎஸ் என்ற கோளை ஏற்றிச் சென்ற பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் மேலடுக்கு, பணி முடிந்து இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 19 அன்று வெடித்தது. 371 துண்டுகள் பதிவாயின. பெரும்பாலானவை பின்னர் விழுந்து எரிந்தன. எரிபொருள் மிச்சமிருக்கும் அடுக்கு வெடிக்காதபடி மீதியை வெளியேற்றிவிடும் முறையை இஸ்ரோ அதன்பின் வழக்கமாக்கியது. 2019 மார்ச் 27 அன்று நடந்த மிஷன் சக்தி சோதனையில், 740 கிலோ எடையுள்ள மைக்ரோசாட்-ஆர் கோள் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் உயரத்தில் தகர்க்கப்பட்டது. தாழ்ந்த உயரம் என்பதால் துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்று அப்போது சொல்லப்பட்டது. பெரும்பாலானவை அப்படித்தான் விழுந்தன. ஆனால் மோதலின் வேகத்தில் மேலே எறியப்பட்ட சில துண்டுகள் ஈராண்டுக்கும் மேல் சுற்றிக்கொண்டிருந்தன. எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் சிதறல் எந்தப் பக்கம் போகும் என்பது மனிதர் கையில் இல்லை என்பதற்கு அந்தச் சில துண்டுகள் சாட்சி.

விலகி ஓடுவது அன்றாட வேலையாகிவிட்டது. 2022-இல் இந்தியக் கோள்கள் மோதலைத் தவிர்க்க 21 முறையும், 2023-இல் 23 முறையும் பாதை மாற்றப்பட்டன. 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்பட்ட நேரமே இதற்காக நான்கு நொடி தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு விலகலுக்கும் எரிபொருள் செலவாகிறது. கோளின் ஆயுள் அந்த அளவுக்குக் குறைகிறது.

விழுந்து தரையைத் தொடுபவையும் உண்டு. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் வந்து விழுந்தது. சீன ராக்கெட் அடுக்கொன்றின் பாகம் அது என்று கருதப்படுகிறது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய உருளை பிஎஸ்எல்வி-யின் மூன்றாவது அடுக்கு என்று அடையாளம் காணப்பட்டது. 2015 நவம்பர் 13 அன்று டபிள்யூடி1190எஃப் என்று பெயரிடப்பட்ட விண்குப்பை இலங்கையின் தென்கடலுக்கு மேலே எரிந்து விழுந்தது. அது 1998-இல் நிலவுக்குப் போன லூனார் பிராஸ்பெக்டர் பயணத்தின் மிச்சமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. விழும் நாளில் அந்தக் கடற்பகுதிக்குள் மீனவர் போகக் கூடாதென்று இலங்கை அரசு தடை விதித்தது. நிலவுப் பயணம் யாருடையதோ, ஒரு நாள் கூலியை இழந்தவர் காலியிலும் மாத்தறையிலும் வலை போடும் குடும்பத்தினர்.

விழ வைப்பதும் எரிய வைப்பதும்

சுற்றுப்பாதையைச் சுத்தம் செய்ய இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. 400 கிலோமீட்டருக்குக் கீழே இன்னும் மெல்லிய காற்று இருக்கிறது. அதன் உராய்வில் கோள் வேகம் இழந்து சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ விழுந்துவிடும். 500 கிலோமீட்டரில் சில ஆண்டுகளாகும். 800 கிலோமீட்டரில் நூறாண்டும் தாண்டும். 1,200 கிலோமீட்டரில் ஆயிரம் ஆண்டுக் கணக்கு. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் ஏற்றிச் சென்ற 72 ஒன்வெப் கோள்கள் இயங்குவது அந்த 1,200 கிலோமீட்டரில்தான். ஆயுள் முடியும்போது அவை தாமே எரிபொருள் செலவழித்து இறங்கியாக வேண்டும். இறங்கும் முன் ஒன்று பழுதானால், அந்த ஒன்று இன்னும் பல தலைமுறை கடந்தும் அங்கேயே இருக்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைக் கோள்களுக்குக் கீழே வர வழியே இல்லை. 2022 ஜனவரியில் இன்சாட்-4பி-யை இன்னும் மேலே தள்ளி ஒதுக்குப்புறப் பாதையில் விட்டதைப்போலத்தான் செய்ய முடியும்.

கோளை வேண்டுமென்றே இறக்கி விழவைப்பதில் இந்தியா செய்துகாட்டியவை பாராட்டுக்குரியவை. 2011-இல் பிரான்ஸோடு சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ்-1 கோள், 867 கிலோமீட்டர் உயரத்தில் நூறாண்டுக்கும் மேல் சுற்றியிருக்க வேண்டியது. மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு படிப்படியாக இறக்கி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மேலே விழ வைத்தார்கள். இப்படி இறக்குவதற்கென்று வடிவமைக்கப்படாத கோள் அது என்பதை நினைத்தால் அந்தப் பொறியாளர்களின் உழைப்பு புரியும். கார்ட்டோசாட்-2 கோளும் 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இறக்கப்பட்டது. 2030-க்குள் அரசும் தனியாரும் ஏவும் எல்லா இந்தியத் திட்டங்களும் குப்பை விட்டுச்செல்லாதவையாக இருக்க வேண்டுமென்று 2024 ஏப்ரலில் பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் கூட்டத்தில் இஸ்ரோ அறிவித்தது. அமெரிக்காவும் 2022-இல், பணி முடிந்த கோள் ஐந்தாண்டுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று விதி வகுத்தது.

இவை அனைத்தும் சுற்றுப்பாதையைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். இறக்கப்பட்ட கோள் என்ன ஆகிறது என்ற கேள்வியை இவை தொடுவதில்லை. அது காற்றில் எரிகிறது, எரிந்தது மறைந்துவிடுவதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு தீப்பற்றியபோது, மேட்டின் உயரம் குறைந்ததைப் பார்த்து ஊர் சுத்தமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. குப்பை புகையாகி மூச்சுக்குள் வந்தது. விண்ணில் நடப்பதும் அதுவே.

செயற்கைக்கோளின் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. 250 கிலோ எடையுள்ள ஒரு சிறு கோள் எரியும்போது ஏறக்குறைய 30 கிலோ அலுமினியம் ஆக்சைடு நுண்துகள் உண்டாகும் என்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி உண்டானது 17 டன் என்பது அவர்கள் மதிப்பு. ஆயிரக்கணக்கில் கூட்டமாக இயங்கத் திட்டமிடப்பட்டுள்ள கோள்கள் அனைத்தும் ஏவப்பட்டு, ஆயுள் முடிந்து விழத் தொடங்கினால், ஆண்டுக்கு 360 டன்னாக அது உயரும். துகள்கள் உண்டாவது 80 கிலோமீட்டர் உயரத்தில். அவை ஓசோன் அடுக்கு வரை இறங்கி வர முப்பதாண்டு வரை ஆகலாம். அங்கே அலுமினியம் ஆக்சைடின் மேற்பரப்பு குளோரின் வினைகளைத் தூண்டிவிடுகிறது. அந்தக் குளோரின்தான் ஓசோனை அழிக்கிறது. துகளோ செலவாகாமல் அப்படியே இருந்து அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

கணக்கோடு இது நிற்கவில்லை. 2023-இல் நாசாவின் உயரப் பறக்கும் விமானம் அலாஸ்காவுக்கு மேலே 19 கிலோமீட்டர் வரை சென்று எடுத்த மாதிரிகளில், ஓசோன் அடுக்கு இருக்கும் படைமண்டலத்துக் கந்தக அமிலத் துகள்களில் பெரிய அளவினவற்றுள் பத்தில் ஒன்றில், எரிந்த விண்கலங்களின் உலோகம் இருந்தது. லித்தியம், செம்பு, ஈயம், அலுமினியம் நான்கும் விண்கற்கள் இயற்கையாகக் கொண்டுவருவதைவிட அதிகம். ராக்கெட்டின் புகை வெளியேறும் முனைகளில் பயன்படும் நியோபியமும் ஹாஃப்னியமும் கிடைத்தன. விண்கற்கள் தினமும் டன் கணக்கில் விழத்தானே செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. விண்கல்லில் அலுமினியம் மிகச் சிறு பங்கு. செயற்கைக்கோளில் அதுவே பெரும்பங்கு.

இங்கேதான் பொறியாளர்கள் இக்கட்டில் மாட்டுகிறார்கள். தரையிலிருப்போருக்கு ஆபத்தில்லாமல் இருக்க, கோள் முழுவதும் எரிந்துபோகும்படி வடிவமைப்பதே நல்லது என்பது இப்போதைய பாடம். முழுவதும் எரிந்தால் முழுவதும் துகளாகும். எரியாமல் இறக்கினால் டைட்டானியத் தொட்டி யார் தலையிலாவது விழலாம். அல்லது கடலில் மூழ்கும். இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் போன்ற கோள் கூட்டங்களின் எண்ணிக்கை இந்த இக்கட்டைப் பெரிதாக்குகிறது. 2025 இறுதியில் ஸ்டார்லிங்க் கோள்கள் மட்டும் 9,000-க்கும் மேல் சுற்றின. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறக்குறைய ஐந்தாண்டு. தாழ்வாகப் பறந்து சீக்கிரம் விழுவதால் சுற்றுப்பாதைக்கு அவை ஒப்பீட்டளவில் நல்லவை. அதே காரணத்தால் காற்றுமண்டலத்துக்குத் தொடர்ச்சியான சுமை. குப்பை மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு மாற்றப்படுகிறது.

மாற்று வழிகள் தேடப்படுகின்றன. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் மக்னோலியா மரத்தால் செய்த லிக்னோசாட் என்ற சிறு கோள் 2024 டிசம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. மரம் எரிந்தால் உலோகத் துகள் இல்லை. கோளுக்குச் சுற்றுப்பாதையிலேயே எரிபொருள் நிரப்பி ஆயுளை நீட்டுவது இன்னொரு வழி. 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு இந்தியக் கோள்கள் இணைந்தது அந்தத் திசையில் வைத்த முதல் அடி. ஐந்தாண்டுக் கோள் பதினைந்தாண்டு உழைத்தால் விழும் உலோகம் மூன்றில் ஒரு பங்காகும்.

புறப்படும்போது விடும் புகை

இறங்கும் கோளைப் போலவே ஏறும் ராக்கெட்டும் காற்றைத் தொடுகிறது. பிஎஸ்எல்வி-யின் முதல் அடுக்கில் 138 டன் திட எரிபொருள் இருக்கிறது. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், பிணைப்பானாக ஒரு வகை ரப்பர் ஆகிய மூன்றின் கலவை அது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினியம் ஆக்சைடும் வெளிவருகின்றன. பெரும்பகுதி கீழ்க்காற்றிலேயே மழையில் கரைந்துவிடும். உயரே எரியும் பகுதி மட்டும் ஓசோன் அடுக்குக்குள் நேரே குளோரினைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் குளோரின் இல்லை, கரி உண்டு. உலக ராக்கெட்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 டன் கரித்துகளைப் படைமண்டலத்தில் விடுவதாக அமெரிக்காவின் கடல், காற்றுமண்டல நிர்வாக ஆய்வாளர்கள் 2022-இல் மதிப்பிட்டார்கள். அந்த உயரத்தில் மழை இல்லாததால் கரி ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சிச் சூடேற்றுகிறது.

குலசேகரப்பட்டினம் ஏவுதளம் எஸ்எஸ்எல்வி என்ற சிறு ராக்கெட்டுக்காக அமைகிறது. 120 டன் எடை, மூன்று அடுக்கும் திட எரிபொருள். இங்கிருந்து ஏவுவதில் உண்மையான நன்மை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க வளைந்து செல்ல வேண்டும். அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே ஏவினால் மிச்சம். ஆனால் ஏவுதளத்தின் நோக்கமே அடிக்கடி ஏவுவது. மணப்பாடு முதல் கன்னியாகுமரி வரையுள்ள மீனவக் கிராமங்களுக்கு ஒவ்வொரு ஏவுதலும் கடலுக்குள் போக முடியாத நாளாகும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அருகிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சோதனை ராக்கெட் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த விமான எரிபொருளில் ஓடியது. எந்த எரிபொருளால் எவ்வளவு கேடு என்பதை ஏவுதல் எண்ணிக்கை பெருகுவதற்கு முன்பே அளந்து வைத்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

தரையில் விடும் புகைக்கும் விண்குப்பைக்கும் இன்னொரு நேர்த் தொடர்பு உண்டு. பலருக்கு வியப்பளிக்கும் தொடர்பு. கரியமில வாயு கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே, அடர்த்தி மிகக் குறைந்த இடத்தில், அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்குக் கடத்திவிடுகிறது. மேல்மண்டலம் குளிர்ந்து சுருங்குகிறது. காற்று சுருங்கினால் உராய்வு குறையும், குப்பை கூடுதல் காலம் சுற்றும். உமிழ்வு இன்றுபோல் ஏறிக்கொண்டே போனால், தாழ் சுற்றுப்பாதை ஆபத்தின்றித் தாங்கக்கூடிய கோள்களின் எண்ணிக்கை 2100-க்குள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2025 மார்ச்சில் வெளியிட்டார்கள். அதாவது சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் ஓடும் லாரியின் புகைக்கும் 700 கிலோமீட்டர் மேலே சுற்றும் உடைந்த துண்டின் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கிறது.

காவலூர் பார்க்கும் வானம்

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. 1988-இல் அந்த வளாகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அதற்கு 4130 என்ற எண். அப்படிச் சிறுகோள் தேடுவதற்கு வசதியான நேரங்களில் ஒன்று பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் உள்ள வேளை. தாழ்ந்து பறக்கும் கோள்கள் வெயில் பட்டு மிகுதியாக மின்னுவதும் அந்த வேளையில்தான். நீண்ட நேரம் ஒளி சேர்த்து எடுக்கும் படத்தில் ஒவ்வொரு கோளும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகிறது. துண்டுகளும் கோள்களும் சேர்ந்து சிதறடிக்கும் ஒளியால் இரவு வானத்தின் இயற்கை வெளிச்சம் பத்து விழுக்காடு வரை கூடியிருக்கலாம் என்று 2021-இல் ஓர் ஆய்வு கூறியது. மலையில் தெருவிளக்கை மறைத்து இதைத் தடுக்க முடியாது. 2025 டிசம்பர் 24 அன்று இஸ்ரோவின் எல்விஎம்3 ஏவிய புளூபேர்ட் கோளின் ஆன்டெனா மட்டும் 200 சதுர மீட்டருக்கும் மேல் பரப்புள்ளது. இவ்வளவு பெரிய பரப்பு வானத்தில் எவ்வளவு ஒளிரும் என்பதை ஏவும் நாடே முதலில் கேட்க வேண்டும்.

ஒரகடத்தின் விதிப்புத்தகம்

ஒரகடத்தில் செய்யப்படும் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பிஎஸ்-6 விதி இது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் உலகத் தர மையம் ஒன்று ஒரகடத்திலேயே இயங்குகிறது. காரின் குளிர்சாதனத்தில் ஓசோனை அழிக்கும் வாயு இருக்கக் கூடாது என்பது 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழி வந்த கட்டுப்பாடு. 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மத்திய விதிகளும் வந்துவிட்டன. சொந்த வாகனமென்றால் 20 ஆண்டுக்கு முன்பும், வாடகை, சரக்கு வாகனமென்றால் 15 ஆண்டுக்கு முன்பும் சந்தைக்கு விட்டவற்றைக் கணக்கிட்டு, அவை முறையாக உடைக்கப்பட்டு உலோகம் மீட்கப்படுவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும்.

அதே வட்டாரத்தில் செய்யப்படும் ஒரு பாகம் விண்ணுக்குப் போனால் இவற்றில் ஒன்றும் அதைப் பின்தொடராது. ராக்கெட் புகையும் கோள் எரிந்த துகளும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வரம்புக்குள் இல்லை. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தொழிற்பூங்கா உண்டு, துறைமுகம் உண்டு, செயற்கைக்கோள் இல்லை. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பொறுப்பு உடன்படிக்கை, தரையில் விழுந்து சேதம் செய்தால் ஏவிய நாடு ஈடு தர வேண்டும் என்கிறது. 1978-இல் சோவியத்தின் அணு உலை சுமந்த காஸ்மாஸ்-954 கனடாவில் விழுந்தபோது அதன் பேரில் பணம் கொடுக்கப்பட்டது. காற்றில் கரைந்துபோன உலோகத்துக்கு ஈடு கேட்க அதில் வழியில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கான முதல் வேலை அளவெடுப்பது. தனியார் விண்வெளி நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பு, ஒவ்வொரு கோளும் என்னென்ன உலோகத்தால், எத்தனை கிலோவில் செய்யப்பட்டது, எந்த ஆண்டு எங்கே எரியும் என்ற பட்டியலை விண்ணப்பத்தோடு கேட்டுப் பொதுவில் வைக்கலாம். வல்லம் வடகாலில் உற்பத்தி தொடங்கும் நிறுவனங்களுக்குச் சலுகை கொடுக்கும் மாநில அரசும் அதே பட்டியலைச் சலுகையின் நிபந்தனையாக்க முடியும். கார் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் தரும் சிறு நிறுவனம்கூட இன்று தன் பொருளில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துப் பழகியிருக்கிறது. விண்பாகம் செய்பவருக்கு அது புதுச் சுமையாக இராது.

காற்றில் அளப்பதற்கான கருவியும் திறமையும் அருகிலேயே இருக்கின்றன. திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடாரும் லைடாரும் ஆண்டுக்கணக்கில் மேல்மண்டலத்தைக் கவனித்து வருகின்றன. ஹைதராபாத்திலுள்ள டாடா ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து, ஆசியப் பருவமழைக் காலத்தில் படைமண்டலத்தின் அடிவாரத்தில் சேரும் துகள் அடுக்கை ஆராய 2014 முதல் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து பலூன்கள் அனுப்பின. உலோகத் துகள் பற்றி இதுவரை கிடைத்துள்ள முக்கிய மாதிரிகள் வட துருவத்தை ஒட்டிய காற்றில் எடுக்கப்பட்டவை. கீழ்க்காற்று படைமண்டலத்துக்குள் ஏறிச் செல்லும் வாசல் வெப்பமண்டலத்தில் இருக்கிறது. அங்கே உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, அதே ஹைதராபாத் தளத்திலிருந்து அதே வகைப் பலூனில் ஒரு துகள் சேகரிப்பானைச் சேர்த்து, குலசேகரப்பட்டினத்தின் முதல் ஏவுதலுக்கு முன் ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் ஒரு முறையும் அனுப்பினால் போதும்.